பத்தாவது ஆள்

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பெர்ல்மன் வேலியருகே வந்து நின்று, "எங்கூட்ல ஒரே இருட்டா இருக்குதுங்க" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எனக்கு எல்லா மொழியும் கோயமுத்தூர்த் தமிழாகத்தான் காதில் விழும். விமானத்தில் வந்தபோது காது அடைத்துக்கொண்டதால் வந்த கோளாறு. பெர்ல்மன் பக்தியுள்ள யூதர். வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், சுவிட்சைத் தொடமாட்டார். இன்னொருவரைத் தொடச் சொல்லவும் கூடாது. இருட்டாக இருக்கிறது என்று காற்றிடம் சொல்லிக்கொள்ளலாம். நான் போய்ப் போட்டுவிட்டு, "அட, இங்கொரு சுவிட்சு இருக்குது பாருங்க!" என்று ஆச்சரியப்படுவேன். ஹைலண்ட் பார்க்கில் மகன் வீட்டுக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம். சம்பளம், என் பொய்களை அவர் உட்கார்ந்து கேட்பது. நான் எருமை மேல் ஏறி பி.ஏ. பரீட்சைக்குப் போனதையும், எருமை மட்டும் பாஸானதையும் மனிதர் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தார்.

அது தொண்ணூற்றைந்து நவம்பர். கிளம்பும்போதே மருமகள் வான்மதி எச்சரித்தாள். "மாமா, அவருக்கு நியூஸ் தெரிஞ்சிருக்காது. டிவி போட மாட்டாங்க. நீங்க போய் ஷாக் குடுத்துராதீங்க, ஹார்ட் பேஷன்ட்."

விளக்கைப் போட்டேன். மேசையில் அவர் மனைவி மிரியத்தின் படம். அன்று இருட்டினால் அவளுடைய நினைவுநாள். ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று அவளுக்காக ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். கூடத்தில் பத்து யூத ஆண்கள் இருந்தால்தான் அதைச் சொல்லலாம். ஒன்பது பேர்தான் என்றால் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். "இன்னிக்குச் சரியாப் பத்து. மிரியத்தோட அக்கா பையன் நேத்தனும் வர்றானுங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தும் என் வாய் நிற்கவில்லை.

"இஸ்ரேல் பிரதமரச் சுட்டுட்டாங்க. செத்துப் போயிட்டாருங்க."

"அரபுக்காரனா?"

"இல்லீங்க. உங்காளு. குல்லா வெச்ச காலேஜுப் பையன். நெலத்த விட்டுக்குடுத்துச் சமாதானம் பேசறவனக் கொல்லலாம்னு வேதத்துலயே இருக்குதாமா."

மிரியத்தின் படத்தைப் பார்த்தபடி கேட்டார். "அப்ப அங்க சனிக்கிழமை முடிஞ்சிருந்துதுங்களா?"

"முடிஞ்சு ராத்திரிங்க."

"அப்பச் சரி. ஓய்வுநாள மீறல. சுவிட்சு கிவிட்சு எதையும் தொடல. மகா பக்திமான்" என்று சொல்லிக் கைக்குட்டையில் துப்பினார்.

ஹார்ட் பேஷன்டைத் தனியாக விடக்கூடாதென்று ஜெபக்கூடம்வரை நானும் போனேன். வழியில் சொன்னார்: "போன மாசம் நேத்தன் அந்தப் பிரதமரச் சபிச்சு ஒரு ஜெபம் சொன்னானுங்க. எல்லாரும் ஆமென்னு சொன்னோம். நானுந்தான். வாய்ப் பழக்கம்."

ஜெபக்கூடம் என்பது ஒரு வீட்டின் பேஸ்மென்ட். டியூப்லைட், மடக்கு நாற்காலிகள், மாலை விருந்தில் மிச்சமான மீன் துண்டுகள். வாசலில் காவலுக்கு வந்த போலீஸ்காரர் மூலம் செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. பலர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார்கள். நேத்தன் மட்டும் விஸ்கிக் கோப்பையோடு எழுந்து வந்தான். மிகச் சுத்தமான வெள்ளைச் சட்டை.

"சித்தப்பா, சாமி தீர்ப்புச் சொல்லிருச்சு. ஒரு மடக்குக் குடிங்க."

பெர்ல்மன் கோப்பையைத் தொடவில்லை. குருவைப் பார்த்துக் கேட்டார்: "ரபி, இவன எண்ணாம முடியுமாங்க?"

ரபியின் கண் சிவந்திருந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "பாவம் பண்ணுனாலும் யூதன் யூதன்தான். இவன எண்ணலாமுன்னுதான் சட்டம் சொல்லுது. இவன உட்டா ஒம்பது பேருதான். மிரியத்துக்குப் பிரார்த்தனை கெடையாது."

"கொறையறதுக்கு நான் நிக்கறனுங்க" என்றேன். "குல்லாவும் இருக்குது. மங்கி குல்லா."

"மன்னிக்கோணும் பெரியவரே. நீங்க எண்ணிக்கைல வர மாட்டீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஊரில் சாமி பெயரைச் சொல்லி ஆளை வெட்டியவன் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, பொங்கல் வாங்க முதல் ஆளாக நின்றதைப் பார்த்தவன் நான். அன்றும் பூசாரி அவன் நெற்றியைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. இங்கே தலையை எண்ணுகிறார்கள்.

வெளியே நட்சத்திரங்கள் வந்து சனிக்கிழமை முடிந்தது. மாலை ஜெபமும் முடிந்தது. பெர்ல்மன் எழுந்தார். மற்ற ஒன்பது பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். நேத்தன் பணிவோடு தலையைக் குனிந்து, ஆமென்னுக்கு உதட்டைத் தயாராக வைத்திருந்தான். பெர்ல்மன் ஆரம்பிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, படியோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க ரொம்ப வெளிச்சமா இருக்குதுங்க" என்றார்.

ஓய்வுநாள் முடிந்துவிட்டது, சுவிட்ச் அவருக்கே எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் போய் அணைத்தேன். அட, இங்கொரு சுவிட்சு என்று சொல்லத் தோன்றவில்லை.

இருட்டில் யாருக்கும் முகம் இல்லை. மூச்சுகள் மட்டும் கேட்டன. யார் பத்தாவது ஆள் என்று எண்ண முடியவில்லை. அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் விஸ்கி வாடை வந்துகொண்டே இருந்தது.