நாலு விரல் தள்ளி

ஆறு மணிக்கு எழுகிறேன். பூனைக்குத் தீனி வைக்கிறேன். மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி நின்றபடியே உறிஞ்சுகிறேன். பல் தேய்க்கிறேன். பிறகு பின்கட்டுக் கொட்டகைக்குப் போய், அங்கே கிடக்கும் பழைய ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து மூடுகிறேன். மூன்று மாதமாக இப்படித்தான்.

ஜனவரி மாதம், இங்கே கோடை. ரொசாரியோவில் காலை எட்டு மணிக்கே முப்பத்திரண்டு டிகிரி. நேற்று பியருக்கு மால்ட் காய்ச்சி, ஆறவைத்து, மூடிவிட்டேன். சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். இன்றே ஈஸ்ட் போட வேண்டும். போட்டபின் பதினெட்டு டிகிரியில் வைக்காவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். ஈஸ்ட் ஒரே ஒரு ஜாடிதான் இருக்கிறது. என் மனைவி ஹிமெனா கடைசியாகக் காய்ச்சிய பியரின் அடியிலிருந்து எடுத்து வைத்தது. ஜாடிமேல் அவள் கையெழுத்தில் தேதி.

வெப்பநிலை பார்த்து மோட்டாரை நிறுத்தி ஓட்டும் சிறு பெட்டி ஒன்று வாங்கியிருந்தோம். அதன் ஒயர் உள்ளே போக ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் துளை போட வேண்டும். எங்கே என்று ஹிமெனாவே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். அடுத்த வாரம் இறந்துபோனாள்.

குறியின்மேல் டிரில்லை வைத்தபோது அவள் அண்ணன் லௌதாரோ வந்தான். பஸ் ஓட்டுகிறவன், சீருடையைக்கூடக் கழற்றவில்லை. தகட்டுக்குள் குளிரூட்டும் கேஸ் குழாய் எங்கே போகிறதென்று பார்த்தாயா என்று கேட்டான். அவள் குறித்திருக்கிறாள் என்றேன்.

"அவ ஷெல்ஃப் மாட்டின லட்சணம் தெரியாதா மாப்ள? அம்மா வீட்ல இன்னும் தட்டு சறுக்கி விழுது."

அந்தக் குறியை விட்டு நகர எனக்கு மனமில்லை. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. சோளமாவை ஆல்கஹாலில் குழைத்து, குறியை மட்டும் விட்டுச் சுற்றிலும் பூசி, மோட்டாரை ஓடவிட்டான். குழாய் சூடாகும், அதன்மேல் இருக்கும் மாவு முதலில் காய்ந்து வெளுக்கும். நான் வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்தேன். ஏழாவது முறை திரும்பி வந்தபோது வெள்ளைக்கோடு மேலிருந்து இறங்கி, நேராக அவள் குறிக்குள் நுழைந்து, கீழே வெளியேறியிருந்தது.

அங்கே துளைத்திருந்தால் கேஸ் போயிருக்கும். ஈஸ்ட்டும்.

லௌதாரோ சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நாலு விரல் தள்ளித் துளைத்தோம். தகடு, நுரை, பிளாஸ்டிக். சீறல் கேட்கவில்லை. ஜாடியைத் திறந்து முழுவதையும் மால்ட்டில் ஊற்றினேன்.

அவன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"எல்லாரையும் பாத்துக்கோன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனாளாம்ல. அம்மா தினமும் அதையேதான் சொல்லிட்டிருக்காங்க."

அது அடக்கத்தன்று நான் சொன்னது. அவர்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவன் துடைப்பதை நிறுத்தினான்.

"பின்ன?"

அன்று அவளை அறுவை சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகில் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள்.

"காரை நிழல்ல விட்டியா?"