எந்த நாடு என்று எழுதுவது

காலையில் துஷ்யந்தியின் கடவுச்சொல்லைக் கணினி ஏற்கவில்லை. மறுபடி அடித்துப் பார்ப்பதற்குள் தோத்தாத்ரி சார் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

பீர்க்கன்கரணைப் பக்கமிருக்கும் அந்தத் தொழிற்சாலை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விமான உதிரிபாகங்கள் செய்து கொடுக்கிறது. வரைபடங்கள் அவர்களுடையவை. எந்த நாட்டுக் குடிமக்கள் அவற்றைப் பார்க்கலாம் என்று அவர்கள் அரசாங்கம் உரிமம் கொடுக்கும். இந்த உரிமத்தில் இந்தியா மட்டுமே இருந்தது. அதைக் கண்காணிப்பது தோத்தாத்ரியின் பொறுப்பு. துஷ்யந்தியோ சில வருடங்களாக அந்த வரைபடங்களைப் பார்த்துத்தான், பாகங்களை இயந்திரத்தில் கடையும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டங்களை வடிவமைத்து வந்தாள்.

"ஆடிட்டுக்கு எல்லாரும் பாஸ்போர்ட் குடுத்தா. நீ மட்டும் குடுக்கலையேம்மா?"

"எனக்கு ஏது சார் பாஸ்போர்ட்? ஆதார் குடுத்தேனே."

"ஆதார் குடியுரிமைக்கு ஆகாது. சேரும்போது அதை வச்சே விட்டது எங்க தப்பு. நீ பிறந்தது எங்க?"

"தாம்பரம் கவர்மென்ட் ஆஸ்பத்திரி. அப்பா அம்மா மன்னார்லேர்ந்து படகுல வந்தவங்க. இங்க பிறந்தும் குடியுரிமை கிடையாது, எங்களுக்கு அகதி அட்டைதான்."

"அப்ப ஸ்ரீலங்கான்னு போட்டு அனுமதி கேக்கட்டுமா?"

"அங்கயும் என் பேரைப் பதியல சார். அந்த ஊரை நான் பாத்ததே இல்ல."

திரையில் நாடுகளின் பட்டியல் திறந்திருந்தது. தோத்தாத்ரி கீழ்வரை உருட்டினார். மறுபடி மேலே வந்தார். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது.

"நாடு இல்லாம விண்ணப்பம் நகராதாம். என் கையில ஒண்ணுமில்லம்மா."

"ஸ்டோர்ஸ்ல போடுங்க சார்."

"அங்கயும் அதே பாகங்கள்தானே."

"அப்ப கேன்டீன்ல. சட்னி ரகசியத்துக்கும் உரிமம் வேணுமா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மறு உத்தரவு வர்ற வரைக்கும் வீட்டுல இரு" என்றார்.

பையை எடுக்க வரைபட அறைக்குள் போகவேண்டியிருந்தது. அவர் முன்னால் நடந்து, "ஸ்கிரீனை ஆஃப் பண்ணுங்கப்பா" என்றார். ஒவ்வொரு திரையாக இருண்டது. "சாரிடி" என்று பக்கத்து இருக்கை உதயா முணுமுணுத்தாள். துஷ்யந்தி தரையைப் பார்த்தபடியே போய்ப் பையை எடுத்துக்கொண்டாள்.

வெளிவாசலுக்குக் கேஷவ் ஓடிவந்தான். இனி அவள் வேலை அவனுக்கு.

"துஷி, மூணாவது கிளாம்ப்பை ஏன் தள்ளி வச்சே? அதை மட்டும் சொல்லிட்டுப் போ. மத்தியானம் மெஷின்ல ஏத்தணும்."

அந்த இடத்தில் பாகத்தின் சுவர் மெல்லிசு, அழுத்தினால் வளைந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள்.

"இரும்மா!" என்றார் தோத்தாத்ரி. ஞாபகத்திலிருந்து சொன்னால் விதிக்குள் வருமா, வராதா என்று அவருக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்று அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் எண்ணைப் போட்டார்.

மூவரும் வெயிலில் நின்றார்கள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்கிறா. அங்க இப்போ ராத்திரி."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாக வந்த ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.