தேனுஜாவின் அம்மா இன்னும் தீர்மானிக்கவில்லை

என் மகளுக்கு வாக்குப் போடுவதற்காகவே ஒரு கட்சியில் சேர்ந்தவள் நான். சேர்ந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

ஜேர்மனியில், கொலோனிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் எங்கள் சின்ன நகரம். அடுத்த மேயர் தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை உறுப்பினர்களே ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூடி, இரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்வார்கள். மூன்று பேர் நிற்கக் கேட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தேனுஜா. முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூட ஆசிரியை, ஏற்கெனவே நகரசபை உறுப்பினர், எனக்கு ஒரே பிள்ளை. நாலு வருஷமாக இதற்கென்றே ஓடித் திரிந்தவள். ஆறு மாதத்துக்கு முன்பு என் விண்ணப்பத்தையும் அவளே நிரப்பி, "அம்மா, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று நீட்டினாள். வைத்தேன்.

கையெழுத்தோடு என் வேலை முடிந்தது என்று அவள் நினைத்துவிட்டாள். நான் ஒரு தேங்காய் வாங்குவதென்றாலும் நாலைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன். ஒரு நகரத்தையே தூக்கிக் கொடுக்கப் போகிறோம், தட்டிப் பார்க்க வேண்டாமா? என் கணவர் கனகலிங்கம் மட்டும், "உனக்கென்ன விசரே? சொந்தப் பிள்ளை நிக்குது, உனக்கு என்ன யோசினை?" என்றார். அவர் கட்சியில் இல்லை. வாக்கு இல்லாதவர்களுக்கு எல்லாம் சுலபம்.

மண்டபத்தில் எழுபதுக்கு மேல் ஆட்கள். நானும் தேனுஜாவும் மட்டும்தான் எங்கள் தமிழ் ஆட்கள். முதலில் பேசியவர் ஓஸ்டர்மான், தீயணைப்புத் தொண்டர்களின் தலைவர். கை குலுக்கினால் அரை மணித்தியாலத்துக்கு விரல் வலிக்கும். தன் அனுபவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நகரத்தைப் பற்றி மறந்துபோனார். அவரை நான் உடனே தள்ளிவிட்டேன்.

அடுத்து வந்த திருமதி ஹார்டுங்தான் என்னைக் குழப்பினார். மருந்துக்கடைக்காரி. இரவு பத்து மணி வரை பஸ் விடுவேன் என்றார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். பின்னேர வேலை எட்டு மணிக்கு முடியும். கடைசி பஸ் ஏழு நாற்பதுக்கு. மழையோ பனியோ, இருபத்தைந்து நிமிடம் நடைதான்.

என் மகள் வந்தாள். நீலச் சட்டை, நிமிர்ந்த தலை, கணீரென்ற குரல். பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், இளைஞர் மன்றம் எல்லாம் சொன்னாள். பஸ் மட்டும் வரவில்லை. அவளுடைய பதினொரு பக்கத் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன், பஸ் பத்தாம் பக்கத்தில் இருந்தது. பெற்ற தாய் பத்தாம் பக்கத்தில்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அப்போதுதான் இடைவேளை விட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த திருமதி பெக்கர் கேக்கை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். எழுபது வயது இருக்கும். மடியில் ஒரு கொப்பி, அதில் மூன்று பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். அவரும் என்னைப்போல் தீர்மானிக்காதவர்.

"அது உங்கள் மகளாமே! மிகத் திறமைசாலியாகத் தெரிகிறாரே" என்றார்.

எங்களில் பிள்ளையைப் பிறர் முன்னால் தாய் புகழ்வதில்லை. நாவூறு படும், கண்ணேறு மாதிரி. அதைவிட, பெருமையடிக்கிறாள் என்ற பெயரும் வரும். யாராவது பிள்ளையைப் புகழ்ந்தால் நாம் ஒரு படி இறக்க வேண்டும், கேட்பவர் "சும்மா சொல்லாதேங்கோ அக்கா, தங்கமான பிள்ளை" என்று இரண்டு படி ஏற்ற வேண்டும். அதுதான் முறை. முப்பது வருஷமாக நானும் என் சிநேகிதி யோகம் அக்காவும் ஒருவர் பிள்ளையை ஒருவர் இப்படித்தான் வளர்த்தோம்.

ஆகவே வழக்கம்போல், "ஐயோ, சரியான பிடிவாதக்காரி. ஒருவர் சொல்லும் கேட்க மாட்டாள்" என்றேன்.

திருமதி பெக்கர் மறுக்கவில்லை. "அப்படியா?" என்று பேனாவை எடுத்தார்.

இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஏற்றுவார் என்று நினைத்து, "தொடங்கிய வேலையை முடிக்கவும் மாட்டாள்" என்றேன். பஸ் கோபமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"தாய்க்குத்தான் தெரியும்" என்றார் அவர். இரண்டு கழித்தல் குறி போட்டார். பிறகு முன் வரிசைக்காரரின் தோளைத் தட்டி அவருக்கும் சொன்னார். அந்த மனிதர் தன் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்.

இடைவேளை முடிந்ததும் கேள்வி நேரம். முதலாவதாகக் கை உயர்த்தியவர் திருமதி பெக்கர். கெட்ட மனுஷி இல்லை. ஒளிவு மறைவு தெரியாதவர், அவ்வளவுதான். "உங்களைப் பிடிவாதக்காரி, தொடங்கியதை முடிக்காதவர் என்று உங்கள் அம்மாவே சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று நேரே கேட்டார்.

தேனுஜா என்னைப் பார்த்தாள். நாவூறைப் பற்றி, எங்கள் முறையைப் பற்றி எழுபது பேருக்கு ஒரு நிமிடத்தில் அவள் என்னத்தை விளக்குவாள்? அவளுடைய நாலு வருஷ ஓட்டத்தையும் நான் ஒரு கேக் தின்னும் நேரத்தில் முடித்துவிட்டேன்.

எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி சமையலறை டொச். அதிலேயே சொன்னேன்.

"நான்தான் அம்மா. நான் சொன்னது பொய். எங்கள் ஆட்கள் தங்கள் பிள்ளையை வெளியில் புகழ மாட்டார்கள், அதுதான் காரணம். ஒன்பது வயதில் இவள் என்னோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வந்தாள். எனக்கு அவர்கள் பேசியது விளங்கவில்லை. இவள்தான் கேட்டாள், இவள்தான் பதில் சொன்னாள். எங்களுக்கு விசா கிடைக்க நாலு வருஷம் எடுத்தது. நடுவில் நான் விட்டுவிட்டேன், இனி ஏலாது என்று கட்டிலில் படுத்துவிட்டேன். இவள் விடவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்து, எனக்குச் சப்பாத்துப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். இவள் நல்ல பிள்ளை. இவளை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது."

மறுபடி கதிரையில் இருந்தேன். யாரும் கை தட்டவில்லை. திருமதி பெக்கர் கொப்பியில் இரண்டு கோடுகளை நிமிர்த்திப் போட்டுக் கழித்தலைக் கூட்டலாக்கினார்.

வாக்குச்சீட்டு வந்தது. ஹார்டுங்கின் பெயரை ஒரு கணம் பார்த்தேன், பஸ் பஸ்தானே. பிறகு மகளின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். தேனுஜாவுக்கு முப்பத்தொன்பது, ஹார்டுங்குக்கு இருபத்தெட்டு, ஓஸ்டர்மானுக்கு ஆறு.

வீட்டுக்குப் போகும்போது காரை அவள்தான் ஓட்டினாள். வென்றவள் மாதிரியே இல்லை.

"இன்னும் கோவமே பிள்ளை?"

"இல்லை."

"பின்ன என்ன? நான்தானே எழும்பிச் சொன்னனான்."

"ஓம், சொன்னீங்கள். டொச்சில சொன்னீங்கள், எழுபது பேருக்குச் சொன்னீங்கள்." அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, அம்மா. நான் தோத்திருந்தாலும் காரியமில்லை. தமிழில ஒருக்கா எனக்குச் சொல்லுங்கோவன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன்.

டொச்சில் சொல்வது லேசாக இருந்தது, யாரோ எழுதித் தந்ததை வாசிப்பதுபோல. தமிழில் அது வரவில்லை. என் தாய் எனக்குச் சொன்னதில்லை. எந்தக் குரலில் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது, முப்பத்திரண்டு வருஷம் என் பிள்ளை இதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். கதவைத் திறக்கப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ர பிள்ளை நல்ல பிள்ளை" என்றேன். "உன்னைப் பெத்ததுக்கு நான் குடுத்து வைச்சிருக்கோணும்."

தேனுஜா முகத்தைத் திருப்பவில்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.