இரண்டு மணிக் கட்டம்

வெறுங்கையோடு இருபது நிமிடம் நோயாளி அருகில் உட்கார வேண்டும். கருவி கூடாது, கையுறை கூடாது, குறிப்பு எடுக்கக் கூடாது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் இருக்கும் அந்தச் செவிலியர் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவிகளுக்கு வியாழக்கிழமைதோறும் இந்தச் சடங்கு உண்டு. 'மனிதர் முழுமையானவர், நோய் அவரில் ஒரு பகுதி மட்டுமே' என்று கல்லூரிச் சுவரில் எழுதிவைத்திருக்கும் தத்துவத்துக்கு இதுதான் செய்முறையாம்.

ரோக்சேன் குலிக்குக்கு இதில் ஏதோ பொறி இருப்பதாகவே பட்டது. இல்லையென்றால் பயிற்சி ஆசிரியை மார்லிஸ் ஃபிரீசன் கதவோரம் நின்று கறுப்புக் குறிப்பேட்டில் அப்படி என்னத்தை எழுதித் தள்ளுகிறாள்? ரோக்சேன் போன பருவத்தில் ஒருமுறை தோற்றவள். நாளை மூன்று ஆசிரியைகள் கூடி முடிவு சொல்வார்கள். மறுபடி தோற்றால் கல்லூரியை விட்டே வெளியேற வேண்டும். அப்புறம் அம்மா வேலை பார்க்கும் பன்றி இறைச்சி ஆலையில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே கத்தியோடு நிற்க வேண்டியதுதான். அவள் குடும்பத்தில் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. ஏறிய குடும்பத்துப் பிள்ளைகளின் பின்னால் எந்த ஆசிரியையும் குறிப்பேட்டோடு சுற்றுவதில்லை என்பதையும் அவள் கவனித்திருந்தாள்.

"என்ன பொண்ணே, இப்படி முறைக்கிறே? நான் இன்னும் சாகலை," என்றார் படுக்கையில் கிடந்த ஓர்வல் ஸ்டெஃபான்சன். முப்பது வருடம் கோதுமை லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது.

"முறைக்கலை. உங்களை முழு மனுஷரா பாத்துக்கிட்டிருக்கேன். பாடத்துல இருக்கு."

"பாதிதான் ஓடுது. மீதிக்கு உதிரி பாகம் கெடைக்கலையாம்."

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் போய் முகத்தைச் சுளித்தார். "இடுப்பு எரியுது. காலையிலேர்ந்து ஒரே பக்கமா கெடக்கேன்."

ரோக்சேன் கட்டில் காலடியில் தொங்கிய தாளைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கட்டத்தில் புரட்டியவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என நான்கு கட்டங்களும் நிரம்பியிருந்தன. சுவரில் மணி ஒன்று நாற்பது.

இன்னும் வராத இரண்டு மணிக்கு எவள் போட்டாள்? ஃபிரீசனே போட்டுவைத்து ஆழம் பார்க்கிறாளா? குனிந்து எழுத்துகளைப் பார்த்தாள். அவளுடைய எழுத்துகள்தான்.

காலையில் வார்டு நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது: "எல்லாத்தையும் இப்பவே போட்டு வச்சுடு. அப்புறம் மூச்சு விட நேரமிருக்காது." போட்டாள். எட்டு மணிக்குப் புரட்டினாள். பத்து மணிக்கு வேறொருவரின் புண்ணுக்குக் கட்டுப் போடக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு வந்தவள், கட்டம் நிரம்பியிருப்பதைப் பார்த்து, ஆயிற்று என்று போய்விட்டாள். தன் பொய்யைத் தானே நம்பியிருக்கிறாள்.

போர்வையை விலக்கினாள். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் ஒரு கணம் வெளுத்துவிட்டுச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் படி.

ஃபிரீசனைக் கூப்பிட்டாள். இருவருமாக அவரை மறுபக்கம் திருப்பித் தலையணை வைத்தார்கள். பிறகு ரோக்சேன் பேனாவை எடுத்தாள். தவறான பதிவை அழிக்கக் கூடாது. தவறு தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, நேரம் எழுத வேண்டும். மூன்று கட்டங்களில் மூன்று கோடுகள் போட்டாள்.

தலை நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. ஃபிரீசன் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"மேடம், இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"பத்தரைக்கு. கட்டம் நிரம்பியிருந்துச்சு, அவர் அதே பக்கமா கெடந்தார்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீயே கண்டுபிடிக்கணும்னு விட்டேன். பன்னெண்டுக்கு நீ பிடிச்சிடுவேன்னு நெனச்சேன். நான் சொல்லித் திருத்தினா, அது உனக்குள்ள தங்காது, ரோக்சேன்."

"அதுவரைக்கும் அவர் ஒரே இடுப்புல கெடக்கணுமா? அவர் என்ன, நீங்க எனக்கு வச்ச பரீட்சைத் தாளா?"

"சத்தத்தைக் குறை."

"கேக்கட்டும்," என்றார் ஸ்டெஃபான்சன். "என் இடுப்பைப் பத்தித்தானே பேசுறீங்க?"

ரோக்சேன் அங்கேயே உட்கார்ந்து சம்பவ அறிக்கை எழுதினாள். முதல் வரியில், புரட்டாமலே தான் கட்டங்களை நிரப்பியதை எழுதினாள். இரண்டாவது வரியில், 'பயிற்சி ஆசிரியை பத்தரை மணிக்கே பார்த்தார். நோயாளியைப் புரட்டவில்லை' என்று எழுதினாள். மாணவி எழுதும் எதுவும் ஆசிரியை கீழே கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். தாளை நீட்டினாள்.

ஃபிரீசன் இரண்டு முறை படித்தாள். "இந்த ரெண்டாவது வரி இருந்தா, நாளைக்கு நான் அந்த மேஜையில உட்கார முடியாது. மூணு பேர்ல உன் பக்கம் பேசுறது நான் ஒருத்திதான்."

உண்மையாக இருக்கலாம். வரியை அடிக்கவைக்கும் தந்திரமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ரோக்சேனிடம் வழியில்லை. சிவந்த இடுப்பு மட்டும் அவள் கண்ணாலேயே பார்த்தது.

"நேரத்தையும் போடுங்க, மேடம்," என்றாள்.

ஃபிரீசன் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.