சென்சாருக்கு ஒரு கையுறை

பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் தொங்கிய கம்பளிக் கையுறையைப் பிரித்துப் பார்த்த வெசெலினாவுக்கு அலுப்புத்தான் வந்தது. கோபப்படக்கூடத் தெம்பு மிச்சமில்லை. பல்கேரியாவின் பெர்னிக் நகரத்தில் பனி விழ ஆரம்பித்தால் போதும், மின்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் ஒவ்வொருவராக அவளுடைய பேட்டரி ரிப்பேர் பட்டறைக்கு வந்து, "சார்ஜ் நிக்கலக்கா" என்று புலம்புவார்கள். ஆனால் இப்படி ஒரு கூத்தை அவள் கண்டதில்லை.

செல்களோடு ஒட்டியிருக்க வேண்டிய வெப்ப சென்சாரைப் பெட்டிக்கு வெளியே இழுத்து, கையுறைக்குள் திணித்து, கூடவே கைக்குச் சூடேற்றும் சின்னப் பை ஒன்றையும் வைத்துக் கட்டியிருந்தது.

"யாரு பார்த்த வேலைடா இது?"

எதிரே நின்ற ஸ்டாமென் பெருமையாகச் சிரித்தான். "நான்தான்க்கா. தீப்பிடிக்கும், வீட்டுக்குள்ள சார்ஜ் போடாதேன்னு வாடகை வீட்டு ஓனரம்மா சொல்லிட்டாங்க. பால்கனியில போட்டா, குளிருதுன்னு பேட்டரிக்குள்ள இருக்கிற கன்ட்ரோல் போர்டு சார்ஜை நிறுத்திடுது. அதான் சென்சாருக்குக் கொஞ்சம் கதகதப்பு காட்டினேன். கிடுகிடுன்னு ஏறிச்சு!"

"உன் புத்தியில தீய வைக்க!"

உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம், செல்லுக்குள் இருக்கும் கரித்தகட்டுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது முள்ளாக வளர்ந்து, நடுவில் இருக்கும் மெல்லிய படலத்தைக் குத்திவிட்டால் செல்லுக்குள்ளேயே நெருப்பு. பிறகு எவ்வளவு கதகதப்பில் வைத்தாலும் அந்த முள்ளை நம்பி உட்கார முடியாது. இதைத் தடுக்கத்தான் அந்த போர்டு இருக்கிறது. பாவம், சென்சார் சொன்ன பொய்யை அது நம்பிவிட்டது.

"சரிக்கா, கெட்டுப்போன செல்லை மட்டும் மாத்திக் குடுங்க. மத்தியானத்துக்குள்ள நான் டெலிவரிக்கு ஓடலன்னா என் இடத்தை வேற ஒருத்தனுக்குக் குடுத்துருவாங்க."

"மாத்த மாட்டேன். திருப்பியும் தர மாட்டேன். இதுல இருக்கிற சார்ஜை வடிச்சு ஒழிக்கணும்."

"என்னக்கா விளையாடுறீங்களா? என் பொருள் இது! என் பொண்டாட்டி ரலித்சா பிள்ளை பெத்து வீட்ல கிடக்கா. இதை வச்சுத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியுது."

"அடுப்பு மட்டும் எரிஞ்சா பரவாயில்லடா."

அவன் பெட்டியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் முட்டுவதைப் பார்த்தாள். சே, என்ன பிழைப்பு இது. கொடுத்துத் தொலைத்தால் இன்றைக்கு ஒரு சண்டை மிச்சம். வேறு எவனாவது செல்லை மாற்றிக் கொடுப்பான், பழி அவனோடு போகும். நினைக்க நினைக்க அவள் பிடி தளர்ந்தது.

அதைக் கண்ட ஸ்டாமென் அவசரமாகச் சமாதானம் சொன்னான். "இனிமே பனியில போட மாட்டேன்க்கா, சத்தியமா. கைக்குழந்தைக்காரன்னு ஓனரம்மாவே இப்ப இரக்கப்பட்டு உள்ள சார்ஜ் போட விட்டுட்டாங்க. இன்னொரு பேட்டரி வீட்டுக்குள்ளதான் ஏறிட்டு இருக்கு."

"இன்னொண்ணா? அதுக்கும் இதே வைத்தியமா?"

"கையுறை ஜோடியாத்தானே இருக்கும்?"

"எங்கடா வச்சிருக்க?"

"தொட்டில் பக்கத்துல. அங்கதான் ஹீட்டர்..." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது.

"போனைப் போடுடா!"

மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டான். கடைசியில் ஸ்பீக்கரில் ரலித்சாவின் குரல் வந்தது.

"என்ன ஸ்டாமென்? இப்பத்தான் தூங்க வச்சேன்."

"அந்த பேட்டரி..."

"அதுவா, ஒரு பக்கம் உப்பிப்போன மாதிரி இருக்கு. இனிப்பா ஒரு வாடை வேற. நீ வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

வெசெலினா போனைப் பிடுங்கினாள். "பிள்ளையைத் தூக்கும்மா. கதவைச் சாத்திட்டு வெளிய போ. பிளக்கைத் தொடாதே, துணிமணி எதையும் எடுக்காதே. போ!"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. படிகளில் தடதடவென்று காலடிகள். ஸ்டாமென் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, குளிர்காற்று முகத்தில் அறைந்த குழந்தையின் வீறிடல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அழுவுதுக்கா," என்றான்.

"அழட்டும்டா," என்றாள் வெசெலினா. "நல்லா அழட்டும்."