வசுமதியின் இட்லிக்கடை

அந்த 1979ஆம் வருஷத்தில் என் கதைகள் பத்திரிகை ஆபீசுக்குப் போய்த் திரும்பி வந்த வேகத்தில் எங்கள் ஊர் குன்னத்துக்குப் பஸ்கூட வந்ததில்லை. அன்று காலையும் ஒன்று வந்தது. கூடவே, பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துவதாக வழக்கமான அச்சுச்சீட்டு. வருந்துகிறார்களாம்! அவ்வளவு வருத்தம் இருந்தால் ஒருமுறை போட்டுத்தான் பார்ப்பது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதையை அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டேன். இனிமேல் பேனாவைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வெங்காயக் காட்டுக்குப் போனேன்.

சின்ன வெங்காயம் பிடுங்கிக் காய்ந்ததும் நாங்கள் பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து அரிவாளால் வெங்காயத் தாளை அறுப்போம். எனக்கு அங்கே இன்னொரு வேலையும் உண்டு. பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், வாரா வாரம் டவுனிலிருந்து வரும் பத்திரிகையின் தொடர்கதையை நான்தான் உரக்க வாசிக்க வேண்டும்.

போன வாரம் வசுமதி என்ற பெண்ணை மாமியார் கட்டின புடவையோடு துரத்திவிட்டாள். அந்த இடத்தில் பார்த்து 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க இருசம்மாள் அக்கா தன் மருமகளைத் திட்டவே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கென்று பத்திரிகைக் கட்டு வரவில்லை. மரத்தடியில் எல்லாரும் எனக்கு முன்பே கூடியிருந்தார்கள்.

"வா பஞ்சவர்ணம், அந்தப் புள்ள என்னாச்சு?" என்றாள் காத்தாயி.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சோற்றுத் தூக்கைச் சுற்றியிருந்த பழைய இதழைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். எழுதுவதில்லை என்றுதானே சபதம்? வாசிப்பதில்லை என்று சொல்லவில்லையே!

வசுமதி பெரம்பலூருக்குப் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் இட்லிக்கடை போட்டாள். ஒருநாள் புருஷன் தேடி வந்து நின்றான். அவள் அழவில்லை. இலையைப் போட்டு நாலு இட்லி வைத்து, "சாப்புட்டுட்டுக் காசு வச்சுட்டுப் போங்க" என்றாள்.

மரத்தடி அதிர்ந்தது. காத்தாயி சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. "அப்படிப் போடுடி என் ராசாத்தி!" என்று இருசம்மாள் வெங்காயத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். இதழுக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நிஜமான பத்திரிகை வந்து தொலைத்தது. வேறு வழியில்லாமல் வாசித்தேன். வசுமதி புருஷன் காலில் விழுந்து கண்ணீரால் அவன் பாதத்தைக் கழுவினாள்.

"நிறுத்து. இவ எப்ப இங்க வந்தா?" என்றாள் காத்தாயி.

"கடைய யாருகிட்ட வுட்டுட்டு வந்தா? அடுப்புல இட்லி வெந்துக்கிட்டிருக்குமே!" என்றாள் அம்சவள்ளி.

இருசம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "போன வாரம் அவ்வளவு சூட்டிகையா இருந்தவ, இந்த வாரம் எதுக்குடி கால்ல வுழுவுறா? எழுதுறவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? போன வாரம் எழுதுனவன் கையில தங்கக் காப்புப் போடணும். இவன் யாரோ வேற ஆளு."

"வேற ஆளுதான் அக்கா." பத்திரிகையை மடித்துக்கொண்டே சொன்னேன். "போன வாரம் புஸ்தகம் வரல. அத நான்தான் சொன்னேன்."

அரிவாள்கள் நின்றன. திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீயா?" என்றாள் இருசம்மாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பத்திரிகையைப் பிடுங்கி, அதைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சரி சொல்லு. இட்லிய தின்னுட்டு அவன் காசு வச்சானா, இல்லையா?"

"அதுக்கு மேல நான் யோசிக்கலக்கா."

"யோசி. நாங்க எங்க போயிடப் போறோம்?"

எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கதை அனுப்பியிருக்கிறேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. இங்கே ஒரு வட்டமே கேட்டுக்கொண்டு காத்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அவன் சட்டைப் பையில கைய வுட்டுத் துழாவுனான்..."