வாலை வெட்டு, தலையைப் பார்

மச்சான் எதிர்க்கடை போட்டால் மாமன் என்ன செய்வார் என்று பார்க்கத் தெருவே ஆசையாகக் காத்திருந்தது. சண்டை வரும் என்றார்கள் சிலர், சமாதானம் வரும் என்றார்கள் சிலர். கொரிய மொழி வரும் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை.

மாமன் என்பது தெருமுனை சலூன்காரர். இரண்டு நாற்காலி, ஓரம் கறுத்த கண்ணாடி, ஒரு பெஞ்சு, ஒரு பேப்பர். இதுதான் அவர் கடை. மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. சோப்பு நுரை தடவிய பலூனில் கத்தி பிடிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். அவன் வெடித்துத் தள்ளிய பலூன்களைக் கொண்டு ஒரு கல்யாண மண்டபத்தையே அலங்கரித்திருக்கலாம். அவன்தான் இப்போது நேர் எதிரே ஏசி, பாட்டு, சுழலும் விளக்கு என்று கண்ணாடிக் கடை திறந்து உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்த தொழிற்சாலையின் கொரியர்கள் பின்தெருக் குடியிருப்பில் இருந்தார்கள். முடி வளர்ந்தால் நேரே அங்கேதான் போனார்கள். அவர்கள் பின்னாலேயே உள்ளூர்த் தலைகளும் நழுவத் தொடங்கின.

போதாததற்கு வீட்டிலிருந்தும் தூது வந்தது.

"தம்பி சொல்லச் சொன்னான்" என்றாள் மனைவி. "மாசக் கடைசியோட கடையை மூடிட்டு அவன்கிட்ட வந்துடணுமாம். மூணாவது நாற்காலி உங்களுக்குத்தானாம்."

"முதல் நாற்காலி யாருக்காம்?"

"அவனுக்குத்தான். முதலாளியில்ல?"

பலூன் வெடித்தவனை 'முதலாளி' என்று கூப்பிடுவதைவிடக் கத்திரிக்கோலைக் குப்பையில் போட்டுவிடலாம். மறுநாளே சலூன்காரர் கைபேசியில் ஒரு கொரிய டீச்சரைப் பிடித்தார். கொரியர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினால் வராமலா போவார்கள்? பேச்சில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மொழி ஒன்றுதான் குறை.

டீச்சர் நிகழ்காலத்திலிருந்து ஆரம்பித்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்ட விதம் அவருக்கே உரியது.

"இங்க பாருப்பா" என்றார் மெக்கானிக்கிடம். மெக்கானிக்குக்கு முகத்தில் பாதி நுரை, கழுத்தில் கத்தி. பார்க்காமல் எங்கே போவான்? "அவங்க வினைச்சொல்லு ஒவ்வொண்ணுக்கும் பின்னால 'தா'ன்னு ஒரு வால் தொங்கும். முதல்ல வாலை வெட்டு. அப்புறம் மிச்சம் இருக்கற தலையைப் பாரு. அதுல கடைசியா ஆ, ஓ சத்தம் இருந்தா 'ஆயோ' வை. வேற எது இருந்தாலும் 'ஒயோ' வை. 'ஹாதா'ன்னு முடிஞ்சா யோசிக்கவே வேணாம், 'ஹேயோ'. அவ்ளோதான் கட்டிங். இப்ப, 'காதா'ன்னா போறது. வாலை வெட்டு."

"கா."

"தலையைப் பாரு."

"ஆ இருக்கு. காஆயோவா?"

"ரெண்டு ஆ எதுக்கு? சேத்து ஒட்ட வெட்டு. காயோ."

"காயோ பழமோ, சீக்கிரம் விடுண்ணே. ஷெட்டுல வண்டி நிக்குது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அழுறதுக்கு 'உல்தா'. சேத்து ஒட்டும்போது 'ல்' போய் 'ர்' ஆயிடும்."

"உல். ஆவும் இல்ல, ஓவும் இல்ல. அப்போ உல்... ஒயோ. உரொயோ! எதிர்க்கடையைப் பாத்துப் பாத்து நீ பண்றியே, அதுதானே?"

கன்னத்தில் கத்தி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

நான், நீ, அவன், அவள், அவர்கள் எல்லாருக்கும் அதே காயோதான் என்று தெரிந்ததும் பெஞ்சில் இருந்த ரிட்டயர்ட் தபால்காரருக்கு மொழிமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அவருக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. ஒரு வினைச்சொல்லுக்கு வால் வெட்டினால்தான் கையில் பேப்பர் கிடைக்கும். ஓசியில் படிக்கிறவர் வேறு என்ன செய்வார்? வெட்டினார். உட்காருவது அன்ஜாயோ, தலை அலசுவது காமாயோ, தூங்குவது ஜாயோ. சலூன்காரரின் மனதைப் புண்படுத்தியது ஒரே ஒரு சொல். முடி வெட்டுவதற்கு 'ஜாருதா'. எல்லாச் சொல்லும் சட்டத்துக்கு அடங்க, அவர் தொழிலுக்கான சொல் மட்டும் திமிறிக்கொண்டு 'ஜல்லாயோ' என்று ஆனது.

"மச்சான் புத்திய அப்படியே வச்சிருக்கு" என்றார்.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு கொரியரும் எட்டிப்பார்க்கவில்லை.

ஒரு காலையில், இரவு ஷிப்ட் முடிந்து கண் சிவந்த கொரிய மேனேஜர் ஒருவர் வழக்கம்போல் கண்ணாடிக் கடைக்குள் போனார். சலூன்காரர் சீப்பைத் துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டு அதிர்ந்தது. ஆட்கள் "ஹலோ சார், செல்பி சார்" என்று சூழ்ந்துகொண்டார்கள். மச்சான் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். மேனேஜர் மெல்ல எழுந்து, கும்பிடாத குறையாகக் குனிந்துவிட்டு வெளியே வந்தார். தெருவின் இரு பக்கமும் பார்த்தார். கடந்து இந்தப் பக்கம் வந்தார்.

"அன்ஜாயோ" என்றார் சலூன்காரர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மேனேஜர் உட்கார்ந்தார்.

"ஜல்லாயோ?"

தலையாட்டினார். விரலால் அளவு காட்டினார். கழுத்தில் துணி கட்டி முடிப்பதற்குள் கண் செருகிவிட்டது.

சலூன்காரர் திகைத்து நின்றார். ஒரு மாதமாக உருப்போட்டதெல்லாம் வாய் நிறைய நின்றது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எல்லாம் தயார். இருமினார். சீப்பைத் தட்டினார். மேனேஜரின் தலை சாய்ந்து சலூன்காரர் தொப்பையில் வந்து தங்கியது. எழுப்பலாம், எழுப்பினால் பேசலாம். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, வயிற்றை ஆடாமல் வைத்துக்கொண்டு, வெட்ட ஆரம்பித்தார். இவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்தது பிறந்த பிறகு அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"என்னண்ணே, கடைசில..." என்று கத்திக்கொண்டே மெக்கானிக் நுழைந்தான்.

சலூன்காரர் உதட்டில் விரல் வைத்தார். "ஜாயோ."

மெக்கானிக் அப்படியே நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். அடுத்து வந்த தபால்காரர் பேப்பருக்காக இன்றைய சொல்லைத் தொடங்க, "ஜாயோ" என்றான் மெக்கானிக். தபால்காரர் தலையாட்டினார். பக்கம் சரசரக்கும் என்று முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தார்.

மச்சான் வாசலில் வந்து நின்றான். "மாமா, அவரு எங்க கஸ்டமரு..."

"ஜாயோ!" என்று மூன்று பேரும் சேர்ந்து கிசுகிசுத்தார்கள்.

"என்னது?"

"வாலை வெட்டு, தலையைப் பாரு, தெரியும்" என்றார் தபால்காரர்.

மச்சானுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் போட முடியாத இடத்தில் எப்படிச் சண்டை பிடிப்பது என்றும் தெரியவில்லை. போய்விட்டான்.

மேனேஜர் விழித்து, கண்ணாடி பார்த்து, பிடரியைத் தடவிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். சலூன்காரருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நன்றாகத் தலையாட்டி வைத்தார்.

மாசக் கடைசி நாள், மனைவி கடைக்கே வந்தாள். ஒரு நாற்காலியில் மேனேஜர். இன்னொன்றில் அவர் கூட வேலை செய்கிறவர். பெஞ்சில், தபால்காரர் தோளில் சாய்ந்து மூன்றாவது கொரியர். எல்லாரும் ஷிப்டு முடித்து வந்தவர்கள். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"தம்பிக்கு என்ன பதில்..." என்று ஆரம்பித்தவள், கணவர் விரலைத் தூக்குவதற்குள் தானே குரலைத் தாழ்த்தினாள். "ஜாயோவா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு மாசமா தூக்கத்துல நீங்க ஜாயோ ஜாயோன்னு உளறுற உளறல்ல எனக்குத்தான் ஜாயோ இல்லாம போச்சு" என்றாள். பிறகு எதிர்க்கடையைப் பார்த்தாள். "மூணாவது நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன். அவன்கிட்ட நான் சத்தமாவே சொல்லிக்கறேன், நீங்க வேலையைப் பாருங்க."